சுடர் சாய்ந்த பக்கம்

மறுபடியும் கணினியின் திரை கறுத்துப் போனது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் காட்டுவது என் தொழில். யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் மாலை வெயில் சோபாவின் மேல் நகர்ந்து போகும் காட்சியைக் கணினி காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்தது. பாதி கூட முடியவில்லை. இங்கே சிங்கப்பூரில், கிளமெண்டியில் இருக்கும் ஒரு நிறுவனம் வேலை கொடுப்பதற்கு முன்னால் என் கைத்திறனைப் பார்க்கக் கேட்ட படம் அது. நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பழைய கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவள் நான். அதற்குப் பிறகு இவர்கள்தான் முதன்முதலாக, செய்து காட்டு பார்க்கலாம் என்றவர்கள். இதையும் விட்டால் அடுத்து யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நின்னுருச்சா?" என்று அப்பா சமையலறையிலிருந்து கேட்டார்.

"ஆமா பா."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு இவ்வளவுதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை வருது, துணி எடுத்தாச்சு. முன்பும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. அம்மா நான் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை என்னிடமும் கொண்டு வந்து சேர்த்துக்கொண்டே இருந்ததால் அது வெளியே தெரியாமல் இருந்தது.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்களுடையது சின்ன வீடு. கூடத்தில் என் மேசையை ஒரே இடத்தில்தான் போட முடியும், தெற்குச் சுவரை ஒட்டி. இணைய இணைப்பு அங்கேதான் இருக்கிறது. அம்மாவின் படமும் அதே சுவரில் வந்து சேர்ந்தது. காலமானவர்கள் படத்தைச் சாமி படங்களோடு வைக்கக்கூடாது, தெற்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அத்தை சொன்னார். படத்துக்குக் கீழே, மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை அடித்து, அம்மாவின் ஒற்றை முகப் பித்தளை விளக்கை ஏற்றி வைத்தார்கள். தலைத்திவசம் வரை இடம் மாற்றாதே, அணையவும் விடாதே என்று அத்தை சொல்லிவிட்டுப் பினாங்குக்கு விமானம் ஏறிவிட்டார். அம்மா இருந்த காலத்தில் சாமி அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர் அப்பா. பேருந்து ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுப்பார். அவர்தான் இப்போது திரி திரிக்கிறார், எண்ணெய் ஊற்றுகிறார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே விளக்கைத்தான் போய்ப் பார்க்கிறார்.

நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பக்திக் குறைவெல்லாம் இல்லை. அந்தப் படத்தில் அம்மா என் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டிய புடவையில் இருக்கிறார். பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டு அதைப் பெரிதாக்கினோம். பார்க்கும்போதெல்லாம் என் தோள் இருந்த இடம் தெரிகிறது. அதைத் தாங்க என்னால் ஆகவில்லை.

மறுநாள் காலையில் கணினியைத் துண்டில் சுற்றி, வாடகைக் காரில் வைத்து ஜாலான் புசாருக்குக் கொண்டு போனேன். அங்கே வாங்கியதுதான். எல்லாம் பூட்டித் தயாராக வரும் ரகம். பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது. வழியெல்லாம் சண்டைக்கு வேண்டிய வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே, ஏணிகளும் குழாய்களும் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு மாடிப்படிக்குப் பக்கத்தில் அந்தக் கடை. ஜாஃபர் என்பவர் கவனித்துக்கொண்டார். நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"ஓகே சிஸ்டர், முதல்ல பார்ப்போம் லா. அப்புறம் திட்டுங்க."

அவர் கணினியை ஓட விட்டார். காகிதக் கைக்குட்டை ஒன்றை நீளமாகக் கிழித்து, முன்பக்கம் காட்டினார். துண்டு கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது. அதையே பின்பக்கம் கொண்டு போனார். பறக்கும் என்று நினைத்தேன். அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

"முன்னாடி ஃபேன் காத்தை உள்ள இழுக்கணும். பின்னாடி ஃபேன் சூட்டை வெளிய தள்ளணும். இங்க ரெண்டும் உள்ள இழுக்குது. சூடு போறதுக்கு வழியே இல்ல."

"அப்ப நீங்கதானே தப்பா மாட்டிக் கொடுத்திருக்கீங்க?"

அவர் பின்பக்க விசிறியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். திருகாணிகளின் தலை தேய்ந்து மழுங்கியிருந்தது. இறக்கைகளில் கரி. கரியின் மேல் தூசி, பிசுபிசுவென்று. ஜாஃபர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய். யாரோ வீட்டுல கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க சிஸ்டர். எங்க கடையில யாரும் எண்ணெய் ஊத்துறது இல்ல."

சேர்த்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ. எனக்கு அந்தச் சுடர்தான் நினைவுக்கு வந்தது. நேராகப் பார்க்காவிட்டாலும் கண்ணின் ஓரத்தில் அது எப்போதும் இருந்தது. ஆரம்பத்தில் அடிக்கடி அணையும். அப்பா அடிக்கடி எழுந்து வருவார். பிறகு அணைவது நின்றுபோனது. அதன் பின் நான் பார்த்த நாளெல்லாம் சுடர் கணினியின் பக்கமே சாய்ந்திருந்தது. ஜன்னல் காற்று என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் சாத்தியிருந்த நாட்களிலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜாஃபர் விசிறியைத் துடைத்து, சரியான பக்கம் திருப்பிப் பூட்டிக் கொடுத்தார். காகிதத் துண்டு இப்போது பின்பக்கம் படபடத்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைச் செருகி, வேலையைத் தொடங்கினேன். இனி நிற்காமல் ஓடினால் சாயங்காலம் முடிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கணினி வேகம் பிடித்தது. பின்னாலிருந்து வெந்நீர் ஆவிபோலச் சூடான காற்று விளக்குப் பக்கம் வீசியது. விளக்கு அணைந்தது. அப்பா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்து ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார், உள்ளங்கையால் மறைத்தபடி. கையை எடுத்ததும் அணைந்தது.

"ஃபேனைத் திருப்பிப் போட்டது நீங்களா பா?"

அவர் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் பயம் தெரிந்தது. என் அப்பா என்னைப் பார்த்துப் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

"காத்துக்கு மறைப்பா அட்டை வச்சுப் பார்த்தேன், கருகிப் போச்சு. தேக்கா கடைகள்ல கண்ணாடிக் கூண்டு தேடுனேன், இந்த வெளக்கு உயரத்துக்குக் கெடைக்கல. அப்புறம்தான்... முன்னாடி ஒண்ணு உள்ள ஊதுது, பின்னாடி ஒண்ணும் உள்ள ஊதுனா மெஷினுக்கு இன்னும் நல்லதுதானேன்னு நெனச்சேன். ரெண்டு பக்கமும் காத்து வருமே."

"இத்தனை நாளா நான் கத்திக்கிட்டு இருக்கேன். நின்னு நின்னு போகுதுன்னு."

"அதுனாலதான் நிக்குதுன்னு எனக்குத் தெரியாது மா. சத்தியமா."

கோபம் வந்தது. அதை மறைக்க நான் முயலவில்லை.

"கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வைன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"எங்க தள்ளுவ? திருப்பி வச்சா சுவத்துல முட்டும். எடமே இல்லையே." பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "நீ அந்தப் பக்கமே பார்க்க மாட்டேங்குற. அம்மா வெளக்கு உனக்கு எடைஞ்சல்னு சொல்லிருவியோன்னுதான் கேக்கல."

ஒரே கூடத்தில், எட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த மனிதர் இத்தனை நாளும் இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இடைஞ்சல் இல்ல பா. பார்த்தா அழுகை வருது. அதான்."

அவர் தலையை ஆட்டினார். திரையில் படம் ஒவ்வொரு துண்டாக வந்துகொண்டிருந்தது. சோபாவின் கைப்பிடியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நிறுத்தினால் போச்சு. நிறுத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கணினிக்கும் விளக்குப் பலகைக்கும் நடுவில் போட்டார். விளக்கைப் பார்த்தபடி, கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அது பாட்டுக்கு ஓடட்டும். நான் இருக்கேன்."

"சூடு நேரா முதுகுல அடிக்கும் பா. சாயங்காலம் வரைக்கும் எப்படி உட்காருவீங்க?"

"பஸ் இன்ஜின் பக்கத்துல உக்காந்தவன்தானே நான்."

நான் அந்த முதுகை இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் அம்மாவுக்குக் குளிர், அடுத்த கட்டிலில் இருந்த சீனப் பெண்மணிக்குப் புழுக்கம். சுவர் விசிறியை நிறுத்தச் சொல்ல அம்மா விடவில்லை, பாவம் அவங்களும்தானே என்றார். அப்பா நாற்காலியைச் சுற்றி இழுத்துப் போட்டு, விசிறிக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பார்வையாளர் நேரம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அங்கேதான் உட்கார்ந்தார். அம்மாவின் கட்டில் காலியாகும் வரை அதுதான் அவருடைய இடம். பேசுவதற்கு எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வெளக்கு அணைஞ்சு கெடக்கு," என்றார் திரும்பாமல். லைட்டரை மட்டும் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். "நான் அசைஞ்சா காத்து வந்துரும். நீயே ஏத்து."

நான் எழுந்து போனேன். அவருடைய தோளுக்கு மேலாகக் குனிந்து திரியைத் தூண்டினேன். எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினேன். படத்தில் அம்மா எனக்கு வெகு அருகில் இருந்தார். என் தோள் வெட்டப்பட்ட இடத்தில் புடவையின் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. நான் சாய்ந்து நின்றிருப்பேன் போலிருக்கிறது. லைட்டர் முதலில் பற்றவில்லை. பிறகு பற்றியது.

பின்னால் கணினி இரைந்துகொண்டிருந்தது. அப்பாவின் பனியன் முதுகுப்பக்கம் காற்று நிறைந்து உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. அவருக்கு முன்னால் சுடர் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது.