சீக்கிரம் வந்துட்டியே

அம்மாவின் காலுறையைக் கழற்றும்போதுதான் அவள் அந்த நூலைப் பார்த்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலே, தோலோடு ஒட்டிக்கிடந்த சாம்பல் நிறப் பருத்தி நூல். முடிச்சின் மேல் முடிச்சாக விழுந்து ஓரிடத்தில் பட்டாணி அளவுக்குத் தடித்திருந்தது. கையிலிருந்த ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டுக் குனிந்தாள். சந்தேகமே இல்லை, கட்டுதான். யாரோ அம்மாவுக்கு மந்திரக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

"அண்ணி, இது என்ன?"

தலைமாட்டில் நின்று அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. "எது? அதுவா? வெறும் நூல். விடு, துடைச்சு முடி. நாலு மணிக்கு வண்டி வந்துரும்."

யாரிடம் வந்து வெறும் நூல் என்கிறாள்! கட்டு முறிப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் தொழில். அதற்காக அவள் எதையும் ஓத வேண்டியதில்லை, ஊத வேண்டியதில்லை. வெறுமனே உள்ளே போய் நின்றால் போதும், அவள் நிற்கும் அறையில் எந்தக் கட்டும் உயிரோடு இருக்காது. வாடிக்கையாளர்களை ஒல்லியாகக் காட்ட ஒரு துணிக்கடைக்காரன் கண்ணாடிக்குக் கட்டு போட்டு வைத்திருந்தான். ஒருநாள் இவள் ஜாக்கெட் துணி எடுக்க நுழைந்ததும் உள்ளே நாலு பெண்கள் அலறிய அலறலில் அவன் கடையை ஒரு வாரம் பூட்ட வேண்டியதாயிற்று. தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் பியூஸ். நகராட்சிக்காரர்கள்தான் அந்தப் பியூஸுக்கும் ஒரு மேசை போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஒரு குறை மட்டும் உண்டு. கட்டு வேலை செய்வதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவள் வாசல்படி மிதிக்கும்போதே அது செத்திருக்கும். அதனால்தான் அலுவலகத்தில் அவளுக்கு முன்னே மோப்பக்காரர் போவார். எந்தக் கட்டு, யார் போட்டது, எதற்காக என்று அவர் மோந்து சொன்ன பிறகு இவள் போய் நிற்பாள்.

இன்றைக்கு அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? சில மாதங்களாகவே அண்ணி அவளை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் "அத்தை தூங்குறாங்க" என்பாள். மறுநாள் "குளிக்கிறாங்க, இப்ப வேணாமே" என்பாள். எலும்பில் நோய் இறங்கிவிட்ட கிழவி எத்தனை தடவைதான் குளிப்பாள்? நேற்று மத்தியானம் அண்ணியை ஏறக்குறைய தள்ளிவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள். அம்மாவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டாள். சாயங்காலம் கையைப் பிடித்தவள் அப்புறம் விடவே இல்லை. இன்று விடிந்ததும் அம்மாவே விட்டுவிட்டாள்.

அவள் கூடத்துக்கு வந்தாள். அண்ணன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். பெரியம்மாவும் இன்னும் நாலைந்து உறவினர்களும் நாற்காலிகளில் இருந்தார்கள்.

"அம்மா கால்ல கட்டு இருக்கு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் வந்தா முறிஞ்சு போயிரும்னுதான் என்னைய உள்ளயே விடல. இப்பல்ல புரியுது. கட்டு போட்டு எங்கம்மா மனசைத் திருப்பி வெச்சிருக்கீங்க. அப்படித்தானே அண்ணி?"

"வாயை மூடுடி," என்றான் அண்ணன். எழுந்திருக்கவில்லை.

"ஏன் மூடணும்? உன் பொண்டாட்டியையே பேசச் சொல்லு."

அண்ணி சீப்பும் கையுமாக அறை வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. திருடிக்கு வாய் எங்கிருந்து வரும் என்று இவள் நினைத்தாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அழுவதைவிடக் கோபப்படுவது சுலபம். பெரியம்மா மட்டும், "பொணத்தை வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்றாள்.

மோப்பக்காரர் துக்கம் விசாரிக்க மாலையோடு வந்தார். அவள் அவரை மாலையைக்கூடப் போட விடவில்லை.

"சார், அம்மா கால்ல ஒரு நூல் இருக்கு. பார்த்துச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் அண்ணியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இன்னைக்கே பார்க்கணுமாம்மா?"

"இன்னைக்கே."

"அப்ப வழக்கம்போல நீ தெருமுனைக்குப் போயிரு. செத்த கட்டுக்கும் வாடை இருக்கும், ஆனா நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒண்ணும் வராது."

தன் தாய் கிடக்கும் வீட்டிலிருந்து அவள் வெளியே போனாள். தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை பூட்டியிருந்தது. அதன் நிழலில் நின்று, அண்ணியைப் பற்றி என்னென்ன சொல்ல வேண்டுமென்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மோப்பக்காரர் தனியாக நடந்து வந்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னேனே?"

"சொல்ற விஷயம் இல்லம்மா." அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "அது வலிக்கட்டு. வலி தெரியாம இருக்கப் போடறது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "யாரு போட்டது?"

"முடிச்சு போட்டதெல்லாம் உங்க அண்ணி கைதான். ஆனா வலிக்கட்டு அடுத்தவங்க இஷ்டத்துக்குப் பிடிக்காது. வலி இருக்கிறவங்க வாய்விட்டுக் கேட்கணும். அம்மாதான் கேட்டிருக்காங்க."

"இவ்வளவு முடிச்சு எதுக்கு?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முறிந்த கட்டுக்கு உயிர் கொடுக்க அதன் மேல் இன்னொரு முடிச்சு போட வேண்டும், அது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த வீட்டில் கட்டை முறிக்கக் கூடியவள் ஒருத்திதான்.

"நேத்து ஒரே நாள்ல நிறைய விழுந்திருக்கு," என்றார் அவர் மெதுவாக.

நேற்று அம்மா அவளை நிமிஷத்துக்கொரு தரம் எங்காவது அனுப்பிக்கொண்டே இருந்தாள். "கடையில போயி வெந்நீர்ப் பை வாங்கிட்டு வாயேன்." வாங்கி வந்தாள். "எதுத்த வீட்டுல பேப்பர் வந்துச்சான்னு கேளு." கேட்டு வந்தாள். சாகக் கிடக்கிறவளுக்குப் பேப்பர் எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. அம்மா இத்தனை நாள் கழித்துத் தன்னிடம் வேலை சொல்கிறாளே என்று உச்சி குளிர்ந்து போயிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஓடிப் போனாள், ஓடியே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அண்ணி கட்டிலின் கால்மாட்டிலிருந்து அவசரமாக எழுந்து விலகினாள். அம்மா மகளைப் பார்த்துச் சிரித்து, "சீக்கிரம் வந்துட்டியே," என்றாள்.

அம்மாவின் நெற்றி வேர்த்திருந்தது. புழுக்கம் என்று நினைத்து இவள் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். சாயங்காலம் அம்மா அவள் விரல்களை எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள். அம்மாவுக்குத் தன் மேல் இவ்வளவு பாசமா என்று இவள் அழுதாள். ராத்திரி முழுக்க எழுந்திருக்கவில்லை. அண்ணி இரண்டு முறை வந்து, "நீ போய்க் கொஞ்ச நேரம் படும்மா, நான் பார்த்துக்கிறேன்," என்றாள். "எங்கம்மாவை விட்டு நான் எங்கயும் போக மாட்டேன்," என்று இவள் சொன்னாள். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்!

பூட்டிய கடையின் கதவில் கையை ஊன்றிக்கொண்டாள். உடம்பெல்லாம் கூசியது. துக்கம் இன்னும் வரவில்லை, வெட்கம் முந்திக்கொண்டு வந்து நின்றது. தெருவில் போகிற யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நான் உள்ள யாருகிட்டயும் எதுவும் சொல்லல," என்றார் மோப்பக்காரர். "நீ போம்மா. நேரம் ஆகுது."

வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் கூடத்தில் பேச்சு அடங்கியது. அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டான். அண்ணி சமையலறையில் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனிகள் நூல் இழுத்து இழுத்துச் சிவந்து கன்றிப் போயிருந்தன.

"அண்ணி…"

"சர்க்கரை போட்டிருக்கேன். குடி."

"ஏன் அண்ணி எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தெருமுனையிலயே நின்னிருப்பேனே."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'தெரிஞ்சா அவ ஒடஞ்சு போயிருவா, அவ வந்தா வரட்டும், நான் பல்லைக் கடிச்சுக்கிறேன்'னாங்க." அண்ணி அடுத்த தம்ளரில் ஊற்றினாள். "நேத்து ராத்திரி சத்தியத்தை மீறிச் சொல்லிரலாம்னு ரெண்டு தடவை வந்தேன். அத்தை கண்ணாலேயே வேணாம்னுட்டாங்க."

"கூடத்துல நான் பேசினது…"

"அதை விடு."

விட்டுவிட்டாளா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி தட்டைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"போய்ப் பக்கத்துல உக்காரு. கையைப் பிடிச்சுக்கோ. இனிமே அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் அறை வாசல் வரைக்கும் வந்தாள். அம்மாவுக்குத் துவட்டி முடித்துப் புதுப் புடவை போர்த்தியிருந்தார்கள். நேற்று போட்ட நாற்காலி கட்டிலை ஒட்டி அப்படியே கிடந்தது. பெரியம்மா உள்ளேயிருந்து, "வா, வந்து உன் அம்மாகிட்ட உக்காரு," என்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டும் பெரியம்மா. இங்கயே நிக்கிறேன்."

யாரோ மாலையோடு உள்ளே போக வழி கேட்டார்கள். அவள் விலகி, இன்னும் ஓரடி பின்னால் போய் நின்றாள்.