நாலாவது விளக்கு

ஒரே நெட் கேபிளைத் திருத்த அந்தப் பிறப்புப் பதிவுக் கந்தோருக்கு நான் நாலாம் தடவையாகப் போனேன். முந்திய மூன்று தடவையும் பத்து மணித் தேநீர் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரான அரிப்பிலிருந்து வரும் பஸ் அப்படித்தான் கொண்டுவந்து இறக்கும். ஒவ்வொரு முறையும் சோதிக்கும் கருவியில், கேபிளின் எட்டுக் கம்பிக்குமான எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. பிழையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும். நுஸ்ரியாவுக்கு வேலை தெரியாது என்று என்னைப் பற்றிக் கந்தோர் முழுக்கப் பேச்சு.

இன்று பஸ் பிந்தியது. பதினொன்றரைக்கு நுழைந்தபோது, வெள்ளாங்குளத்துச் சிவபாக்கியம் அம்மா கவுண்டரடியில் காத்திருந்தார். மகள் யதுர்சிகா வவுனியாவில் வரிசையில் நிற்கிறாள். பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி பன்னிரண்டுக்குள் அவளுடைய போனுக்குப் போகாவிட்டால், தாதிப் பயிற்சி இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"நெட் இல்லையாம் பிள்ளை," என்றார். "அவள் பிறந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இவைக்குத்தான் நெட் வேணுமாம்."

கருவியை மாட்டினேன். நாலாவது விளக்கு எரியவில்லை. கேபிளின் இரண்டு தலையையும் வெட்டிப் புதிதாகப் போட்டேன். அப்போதும் எரியவில்லை. கேபிள் போன வழியே போனால், அது அதிகாரி நடராசா ஐயாவின் அறைக்குள், சிவப்புக் கம்பளத்துக்குக் கீழே போனது. கம்பளத்தின் மேல் கதிரை, கதிரையின் மேல் ஐயா. பைல் எடுக்க அவர் எழும்பினார், விளக்கு எரிந்தது. இருந்தார், அணைந்தது. நான் வந்த மூன்று தேநீர் நேரத்திலும் இந்தக் கதிரை காலியாக இருந்திருக்கிறது.

பக்கத்தில் நின்ற கிளார்க் கிருஷாந்தன் கூரை முகட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். இடமாற்றம் கேட்டிருக்கிறன், அதாலை வாய் திறக்கேல்லை."

நான் திறந்தேன்.

"ஐயா, கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் சரி."

"அது வாஸ்து பார்த்துப் போட்ட கதிரை, தங்கச்சி. பிழை உங்கடை கேபிளிலை."

"அப்ப புதுக் கேபிள் இழுக்கவோ?"

"மூண்டு இடத்திலை விலை கேட்டு எழுதுங்கோ. அடுத்த மாசக் கூட்டத்திலை பாப்பம்."

"ஒரு அஞ்சு நிமிசம் எழும்பி நில்லுங்கோவன்."

"என்ரை கந்தோரிலை நான் ஏன் எழும்போணும்?"

அரசாங்கங்கள் எழும்பி விழுந்தபோதும் அசையாத மனிதர். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. வெளியே அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, போனில் தேசிய கீதத்தைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தேன்.

ஐயா எழும்பினார். கையிரண்டும் தொடையோடு ஒட்டி, பார்வை நேரே. கந்தோரே எழும்பி நின்றது. கிருஷாந்தனும் நின்றார், ஒரு விரலை மட்டும் கீபோர்டில் வைத்துக்கொண்டு. முதல் முறை பாடி முடியக் கணினியில் சான்றிதழ்ப் பக்கம் திறந்தது. பிரிண்டருக்காக இரண்டாம் முறையும் போட்டேன். ஐயாவின் முழங்கால் நடுங்கியது, ஆனால் நாட்டுப்பற்று நடுங்கவில்லை.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்க, முத்திரை குத்திய பிரதியைப் படம் எடுத்து அனுப்பினோம். கிடைத்துவிட்டது என்று யதுர்சிகா பதில் போட்டாள். அம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஐயா கதிரையில் இருந்தார். இணைப்பு அறுந்தது.

"பாத்தியளோ," என்றார் ஐயா, வியர்வையைத் துடைத்தபடி. "மரியாதை குடுத்தால் மெசினும் வேலை செய்யும்."

வாசலில் சிவபாக்கியம் அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, அந்தப் பாட்டை இதிலையும் ஏத்தி விடு. வாற கிழமை இளையவளுக்கும் பிறப்புச் சான்றிதழ் எடுக்கோணும்."