ஒரே கூடம், இரண்டு தரை

சுவரின் கடைசித் துண்டு விழுந்து தூசி அடங்கியதும் மிக்தாலியாவின் கண்ணில் முதலில் பட்டது எவரிஸ்தோவின் தொப்பைதான். பனியனை மார்புவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கையில் காபிக் கோப்பையோடு, அவன் பக்கத்துக் கூடத்தில் ஜம்மென்று நின்றிருந்தான். விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருஷம். அவன் இருமலையும் குறட்டையையும் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள். இப்படி முழு ஆளாக, அதுவும் காலங்காத்தாலே, பார்க்கும் தண்டனை இத்தனை நாளும் இல்லை.

ஹவானாவில் கல்யாணம் முறிவது சுலபம். இன்னொரு வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதனால் ஊரில் பலரையும் போல இவர்களும் கூடத்தின் நடுவே செங்கல் சுவரை எழுப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். போன மழையில் கீழ்வீட்டு உத்தரம் விரிசல் விட்டது. பார்க்க வந்த பொறியாளர், மேலே அனுமதியில்லாமல் கட்டிய சுவரின் பாரம்தான் காரணம், இடித்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எவரிஸ்தோவுக்குக் கொண்டாட்டம். மிக்தாலியாவுக்கோ நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

"அப்பாடா, காத்து வருது பாரு. இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்கு," என்றான்.

"உன் வீடு அந்தக் கோட்டோட முடிஞ்சுது. தாண்டாத."

கோடு என்று அவள் சொன்னது சுவர் இருந்த இடம். ஒரு சாண் அகலத்துக்குக் கரடுமுரடான காரை. அதற்கு அந்தப் பக்கம், பழைய சிமெண்டுக்கு மேலேயே ஒட்டிய வெள்ளை டைல்ஸ். அதன் கனத்துக்கு அவன் தரை சற்று உயரம். இந்தப் பக்கம் பூப்போட்ட பழைய ஓடுகள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. இடிந்து விழுந்த வீடுகளின் குவியலில் பொறுக்கி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, மூன்று மாடி சுமந்து, விவாகரத்தான வருஷம் முழுக்க அவளே முட்டிபோட்டுப் பதித்தவை. கல்யாணமாகி இருந்த காலத்தில் ஒரு நாற்காலியை எங்கே போடுவது என்பதுகூட அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். இந்தத் தரையில் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்று அவனைக் கேட்டு அவள் வைக்கவில்லை.

மகள் யூசிமிக்கு அடுத்த மாதம் கல்யாணம். விருந்தும் ஆட்டமும் இந்தக் கூடத்தில்தான்.

"ஒரே கூடத்துல ரெண்டு தரையாம்மா? பாதி ஆஸ்பத்திரி, பாதி திருவிழா. வர்றவங்க சிரிப்பாங்க. அப்பா உன் பக்கத்துக்கும் சேத்து டைல்ஸ் வாங்கியிருக்காரு. சும்மாவே போட்டுத் தர்றாராம்."

"அவரு சும்மா குடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"உன் பூ ஓடுங்களப் பேத்தெடுக்கப் போறதில்ல. மேலயே ஒட்டிடுவோம். அது பாட்டுக்கு அடியில பத்திரமா இருக்கும்."

"அடியில பத்திரமா இருந்ததெல்லாம் போதும்டி," என்று சொல்லிவிட்டு மிக்தாலியா ரொட்டிக்கடை வேலைக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் திரும்பியபோது வெள்ளை டைல்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தது. காரையை மூடி, அவளுடைய பூக்களின் மேல் இரண்டு வரிசை ஏறியிருந்தது. கொத்தனார் ஒஸ்மானி கரண்டியும் கையுமாக எழுந்து நின்றான்.

"அண்ணன்தான் போடச் சொன்னாருக்கா. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாரு."

"ரெண்டே வரிசைதான். பாத்தா உனக்கே புடிச்சிடும்னு நெனச்சேன்," என்று எவரிஸ்தோ இளித்தான்.

மிக்தாலியா பையைக் கீழே வைத்தாள். கொத்தனாரின் வாளியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டாள்.

"பசை இன்னும் காயலக்கா. அலுங்காம எடுத்துடலாம்," என்று ஒஸ்மானி பதறினான்.

"அலுங்காம எடுத்தா இன்னொரு நாள் அலுங்காம போடுவான்."

முதல் அடியில் வெள்ளை டைல் நட்சத்திரமாய் விரிசல் விட்டது. இரண்டாவதில் நொறுங்கியது. எவரிஸ்தோ தலையில் கையை வைத்துக்கொண்டான். கிட்டே வரத் துணியவில்லை. இரண்டு வரிசையும் சில்லுகளானதும், இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து நனைத்து, பசையைத் துடைத்துத் துடைத்துத் தன் பூக்களை வெளியே எடுத்தாள். சுவர் இருந்த இடத்துக் காரை மறுபடி தெரிந்தது. யூசிமி அழுதாள்.

"என் கல்யாணத்துக்குன்னு ஒரு நாள் விட்டுக் குடுக்க மாட்டியா?"

"டைல்ஸ் ஒரு நாளைக்கா ஒட்டுது? வர்றவங்க ஆடத்தானே வர்றாங்க, ரெண்டு தரையிலயும் ஆடட்டும். படி இருக்கு, பாத்து ஆடச் சொல்லு." மூச்சு வாங்க நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "நீயும் உனக்குன்னு ஒரு தரையை இப்பவே பாத்து வெச்சுக்கோ."

இருட்டியதும் எவரிஸ்தோ ஒன்றும் நடக்காததுபோல டொமினோ மேசையைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் போட்டான். இரண்டு கால் வெள்ளையில், இரண்டு கால் பூவில். யூசிமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தாள். ஒஸ்மானி கைகழுவிவிட்டு வந்தான்.

"நாலு பேர் வேணும், ஒரு ஆள் குறையுது," என்றான் எவரிஸ்தோ, அவளைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்து.

மிக்தாலியா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கோட்டின் ஓரம்வரை வந்தாள். தன் பக்கத்தில்தான் போட்டாள். மேசை அவள் பக்கம் சாய்ந்திருந்தது. டொமினோ கட்டைகள் சறுக்கி அவள் மடியில் விழுந்தன.

"காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வை. இல்ல, நான் வந்து..." என்று எவரிஸ்தோ எழுந்தான்.

"உக்காருய்யா."

மூலையில் குவித்திருந்த சில்லுகளில் தட்டையானதாக இரண்டைப் பொறுக்கி வந்து, குனிந்து, தன் பூக்களின் மேல் நின்ற இரண்டு கால்களுக்கும் அடியில் செருகினாள். கனம் அச்சாகப் பொருந்தியது. மேசையை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"இது நான் வெச்சது. வேணாம்னு தோணுனா எடுத்துடுவேன்."

எவரிஸ்தோ கட்டைகளைக் கலைக்க இரண்டு கையையும் நீட்டினான். அவன் முழங்கை கோட்டைத் தாண்டி வந்தது. அவள் ஒரு டொமினோ கட்டையால் அதன்மேல் டக்கென்று தட்டினாள்.

முழங்கை திரும்பிப் போனது. அவள் கட்டைகளைக் கலைக்கத் தொடங்கினாள்.