மஞ்சள் காருக்கு ஞானத்தாய்

எங்கள் கார் சங்கத்தின் இணையப் பக்கத்தில் 'உரிமையாளர் அனுபவம்' என்று ஒரு பகுதி உண்டு. புது வண்டி வாங்கியவர் ஆறு மாதம் ஓட்டிய பிறகு அதன் நல்லது கெட்டதை எழுத வேண்டும். போன மாதம் நானும் எழுதினேன். ஐம்பத்திரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். சங்கத் தலைவர் டாக்டர் உகால்டே, "நேர்மையான எழுத்து, பாராட்டுகள் ஹெர்மான்" என்று கீழே போட்டார். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இந்த இரண்டாவது குறிப்பு.

முதல் குறிப்பில் இருந்தது எதுவும் பொய்யில்லை. வண்டிக்கு இரண்டே கதவு. மஞ்சள் நிறம். உட்கார்ந்தால் பின்புறம் ரோட்டைத் தொடுகிற மாதிரி இருக்கும். கம்பெனி புத்தகத்தில் குதிரைத்திறன் என்று போட்டிருக்கிற குதிரைகளில் கால்வாசி, லா பாஸ் மலை உயரத்துக்கு வந்ததுமே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். மிச்சக் குதிரைகளை விரட்டலாம் என்றால் ரோடு எங்கே இருக்கிறது? எங்கள் எல் ஆல்டோவில் தெருவுக்குத் தெரு ஒரு குடியிருப்போர் சங்கம், சங்கத்துக்குச் சங்கம் ஒரு வேகத்தடை, அதுவும் அவரவர் கோபத்துக்குத் தக்க உயரத்தில். நான் ஒவ்வொன்றிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். அடியில் கர்ரென்று உரசும். பின்னால் நிற்கிற மினிபஸ்ஸிலிருந்து ஆள் கூப்பிடும் பெண் கத்துவாள்: "ஐயா, இறங்கி இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போங்க, நாங்க பொழப்பைப் பாக்கணும்!"

பெட்ரோல் செலவு, யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். இருந்தாலும் காலையில் சாவியைத் திருகும்போது என் கடை ஷட்டரெல்லாம் அதிரும். நான் தரை ஓடுகளும் கழிவறைக் கோப்பைகளும் விற்கிறவன். அந்தச் சத்தம் கேட்கிற அரை நிமிஷம் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன். அதற்காகத்தான் வாங்கினேன். சங்கத்தில் பல் டாக்டர், வக்கீல், கர்னல் மகன் என்று இருக்கிறவர்கள் நடுவில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது இந்த வண்டியால்தான். இவ்வளவையும் முன்பே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது என் அக்காவை.

அக்கா பசிலியா, எல் ஆல்டோ சந்தை மூலையில் ஆபிக் கஞ்சி விற்கிறாள். ஊதாச் சோளத்தில் காய்ச்சிய கொதிக்கிற ஆபியும், பொரித்த பாலாடைக்கட்டிப் போண்டாவும். ஐந்தடுக்குப் பாவாடை, வட்டத் தொப்பி, முதுகில் மூட்டை, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உள்ள உடுப்புதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. புது வண்டியைக் கோபகபானா மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் ஆசி வாங்குவது எங்கள் வழக்கம்; குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நிற்பதுபோல வண்டிக்கும் ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ நிற்பார்கள். வண்டி வந்த அன்றே கடைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கோபகபானா மாதாகிட்ட எப்படா கொண்டு போற? ஞானத்தாய் நான்தான், இப்பவே சொல்லிட்டேன். வேற எவளாச்சும் வந்து நின்னா தொப்பியக் கழட்டியே அடிப்பேன்."

"உன்னை விட்டா யாருக்கா?" என்றேன்.

"பதினெட்டு வருஷமா ஊரான் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் ஆபி காய்ச்சி ஊத்தறேன். கொழந்தைக்கு, கல்யாணத்துக்கு, வீட்டுக் கூரைக்குக்கூட ஞானத்தாய் வைக்கிறானுங்க. ஒருத்தனுக்காவது என் ஞாபகம் வந்துச்சா? கல்யாணம் பண்ணாம காரைக் கட்டிக்கிட்டாலும் நீயாவது கூப்பிட்டியே." சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. பிறகு குனிந்து, என் வண்டியின் மூக்கைச் சாணால் அளந்தாள். ஒன்பது சாண். மாலையைத் தானே கட்டப் போவதாகச் சொன்னாள்.

நல்ல நாள் குறித்தேன். சங்கத்துக்காரர்கள், "நாங்களும் வர்றோம், ஊர்வலமாப் போவோம்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் போய், "முன் சீட்டு குறுகல், பின் சீட்டுல பூனைகூட உட்கார முடியாதுக்கா. உன் பாவாடைக்கும் தொப்பிக்கும் அது எங்க பத்தும்? நீ பஸ்ல முன்னால போயிடு" என்றேன். அவள் நம்பினாள். அன்று என் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தது என் கோட்டு.

வழியில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது டாக்டர் என் தோளில் கை போட்டார். "ஹெர்மான், உங்க வண்டிக்கு ஞானத்தகப்பன் யாரு? நான் நிக்கறேனே" என்றார்.

"எனக்குப் பெருமை, டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? "அக்காவும் நிக்கறாங்க, ரெண்டு பேருமா நில்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வண்டிக்கு மூன்று ஞானப் பெற்றோர் நிற்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். எந்தச் சாமியாரும் தடுப்பதில்லை. அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கோழைக்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

கோயில் சதுக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஓரத்தில் பூக்கடைகள். பூக்காரிகள் எல்லோரும் அக்காவைப் போலவே பாவாடையும் தொப்பியுமாக, கையில் மாலைகளோடு வண்டிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு கையிலும் சிவப்பும் வெள்ளையுமான கார்னேஷன் மாலையை ஏந்திக்கொண்டு, காலடியில் சக்கரத்துக்கு ஊற்ற வாங்கிய பீர் பாட்டில்களோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மஞ்சள் வண்டியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எங்களை நோக்கி வந்தாள்.

நான் இறங்கி வருவதற்குள் டாக்டரின் மனைவி ஃபாபியோலா தங்கள் வண்டியிலிருந்து இறங்கி முந்திக்கொண்டார். "ஏம்மா, மாலை அழகா இருக்கே! எவ்வளவு?"

அக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், நீயே சொல்லுடா என்பதுபோல. ஒரு வார்த்தை போதும். பேச்சு வந்த நாளிலிருந்து தினம் பத்து முறை சொன்ன வார்த்தை. நான் குனிந்து முன் டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றுமில்லை.

"என்ன ஹெர்மான், பிடிச்சிருக்கா? ஞானத்தகப்பன் நான்தானே, நானே வாங்கறேன்" என்றார் டாக்டர்.

"உங்களுக்குப் பிடிச்சா சரி, டாக்டர்."

அக்காவின் சிரிப்பு உடனே போகவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. நான் டயரைப் பார்த்துக்கொண்டே அதையும் பார்த்தேன்.

"இருபதுங்க" என்றாள். வெறும் கடைக்காரி குரல்.

டாக்டர் தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். "நீயே போட்டு விட்டுடும்மா, உங்க ஆளுங்களுக்குத்தான் கை பழக்கம்" என்றார் ஃபாபியோலா. அக்கா குனிந்து, என் வண்டியின் மூக்கில் மாலையைச் சாத்தி, திரும்பியிருந்த இரண்டு பூக்களை நேராக்கினாள். இரண்டு முனையும் இரண்டு விளக்குக்கு மேலே கச்சிதமாக வந்து நின்றன. "அடடா, அளவெடுத்துக் கட்டினாப்ல இருக்கு!" என்று ஃபாபியோலா கை தட்டினார். அக்கா பீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் நிலையத்துக்குத்தான் போயிருப்பாள் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் பூக்கடையில் நின்று அதே இருபதுக்கு வேறு ஒரு மாலை வாங்கினாள். வரிசைக் கடைசியில் ஒரு பழைய உருளைக்கிழங்கு லாரி மொட்டையாக நின்றது. அதன் சொந்தக்காரர் சிப்ரியானோ, ஞானத்தாயாக வர வேண்டியவளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாராம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: சாமியார் என் வண்டி மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, டாக்டரோடு கை குலுக்கிவிட்டு, வரிசையில் போய்க்கொண்டே இருந்தார். கடைசி வண்டிக்கு வந்து, "இதுக்கு ஞானத்தாய் யாரு?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன், சாமி" என்றாள் என் அக்கா. சதுக்கம் முழுக்கக் கேட்டது.

அவள் லாரியின் நான்கு சக்கரத்துக்கும் பீர் ஊற்றினாள். காகிதப் பூவை அள்ளி வீசினாள். சிப்ரியானோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். என் பக்கம் பட்டாசு வெடித்தது, எல்லோரும் என்னைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். சங்கப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பும்போது திக்கினாவில் ஏரியைக் கடக்க வேண்டும். வண்டிகள் ஓட்டுகிறவரோடு மரத் தெப்பத்தில், மற்ற ஆட்கள் படகில். டாக்டர் தம்பதி முன்னால் கடந்து அக்கரையில் காத்திருந்தார்கள். என் தெப்பத்தில் என் வண்டிக்குப் பின்னால் ஏறியது அந்த உருளைக்கிழங்கு லாரி. ஏறும்போது எப்படியோ ஏறிய என் வண்டி, இறங்கும்போது மூக்கைப் பலகையில் செருகிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தெப்பக்காரர்கள் திட்டினார்கள். "தவளை மேல சவாரி வந்திருக்காருய்யா தொரை!"

சிப்ரியானோ லாரியிலிருந்து குதித்து, இரண்டு பலகையைக் கொண்டுவந்து என் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். படகில் வந்து இறங்கிய அக்காவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி முனகிக்கொண்டு கரை ஏறியது. கார்னேஷன் மாலை அறுந்து சேற்றில் கிடந்தது.

இறங்கி அவர்கள் முன்னால் போய் நின்றேன். அக்காவையே பார்த்தேன். சிப்ரியானோ என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா, சார் உங்களையே பாக்கறாரு? தெரிஞ்சவரா?"

டாக்டரும் ஃபாபியோலாவும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னொரு முறை இடம் கொடுத்தாள் என்று இப்போது தெரிகிறது. நான் மறுபடியும் அந்த டயரைத்தான் பார்த்தேன்.

"கோயில்ல எங்கிட்ட மாலை வாங்கினவங்கப்பா" என்றாள்.

"ஆமா, அந்தம்மாவேதான்!" என்று ஃபாபியோலா மகிழ்ந்து போனார்.

"சரிக்கா. ஆமா, உங்களுக்கு ஒரு தம்பி இருக்கான், புதுசா கார் வாங்கியிருக்கான்னீங்களே, அவன் வரலையா?" என்றார் சிப்ரியானோ.

"கடையில வேலையா இருப்பான், பாவம்" என்றாள் அக்கா. பாவாடை நுனியைப் பிழிந்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டாள். என் பொய்யை என்னைவிட நன்றாக அவள் காப்பாற்றினாள்.

ஐந்து மாதமாகிறது. சந்தைக்குப் போனால் அக்கா கோபித்துக்கொள்வதில்லை. எப்போதும்போல் ஆபியை விளிம்பு வரை ஊற்றுகிறாள். "வண்டி நல்லா ஓடுதாடா?" என்று கேட்கிறாள். வியாழக்கிழமைகளில் சிப்ரியானோ லாரியை அவள் கடைப் பக்கத்தில்தான் நிறுத்துகிறார். அவர் பிள்ளைகள் அவளை ஞானம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு பாவாடையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு நாள், "வாக்கா, வீட்டுல விட்டுடறேன்" என்று காரின் கதவைத் திறந்தேன். "வேணாம்டா, அதுல எனக்கு இடம் பத்தாதுன்னு சொன்னியே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நான் சொன்னதை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பின் சீட்டில் அவளைப் போல இரண்டு பேர் உட்காரலாம்.

டாக்டர், என் எழுத்து நேர்மையானது என்றீர்கள். திருமதி ஃபாபியோலா, அன்று நீங்கள் விலை கேட்டது பூக்காரியிடம் இல்லை. அவள் என் கூடப் பிறந்தவள். பெயர் பசிலியா டிகோனா. குற்றம் உங்களுடையது அல்ல. நீங்கள் தெரியாமல் கேட்டீர்கள், நான் தெரிந்து நின்றேன்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பக்கம் அவள் கண்ணில் ஒருநாளும் படாது. அது தெரிந்துதான், அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியதை உங்கள் ஐம்பத்திரண்டு பேரிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.