இடுப்பில் கட்டிய ரப்பர் நாடா

மலை ஓட்டத்தில் ஜோடிகள் உச்சிக்கு ஏறி இறங்கி, அடிவார வாசல் மூடுவதற்குள் சேர்ந்தே எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். போன வருடம் தம்பி பிந்தியதால் பதக்கம் கைநழுவியது. அதனால் இந்த முறை அக்கா, இருவர் இடுப்பையும் ரப்பர் நாடாவால் இணைத்தாள். நாடா கயிறு போல வெடுக்கென்று இழுக்காது. நீண்டு, பிறகு மெல்லச் சுருங்கி, பின்னால் வருபவரை மேலேற்றும். அப்படித்தான் அவனை உச்சிக்குக் கொண்டுவந்தாள்.

இறங்கும்போது கழற்ற மறந்தார்கள். குறுக்கே வந்த மரத்துக்கு அவள் இடப்பக்கம் போனாள், அவன் வலப்பக்கம் போனான். நாடா மரத்தில் மாட்டி, இருவரையும் பின்னுக்கு இழுத்துச் சேற்றில் உட்காரவைத்தது.

"கண்ணு என்ன பிடரியிலயாடா இருக்கு?"

"உனக்கு மட்டும் நெத்தியிலயாக்கா இருக்கு?"

சிரித்த சிரிப்பில் நாடாவின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை; அவன் மரத்தைச் சுற்றி அவள் பக்கம் வந்தான். கீழே, வாசல் மூடப்போவதாக முதல் மணி அடித்தது.

"கட்டோடயே ஓடுடா!"

இறக்கத்தில் அவன்தான் வேகம். இப்போது நாடா அவளை இழுத்தது. கடைசி மணி அடிப்பதற்குள் இருவரும் ஒன்றாய்க் கோட்டைத் தாண்டினார்கள்.

"அக்கா, இப்ப யாரு யாரை இழுத்தாங்க?"

"வாயை மூடிட்டுப் பதக்கத்தை வாங்குடா!"