இணைச்சீரும் எட்டு மணிச் செய்தியும்

கூறைச்சேலையின் ஒரு முனை தம்பி அருள்குமாரின் கக்கத்தில் இருந்தது. மறுமுனை மதுமதியின் கையில். அவள் தலைமேல் மூங்கில் கூடை. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் நடக்கிற இணைச்சீரில் மாப்பிள்ளையின் அக்கா இப்படித்தான் நிற்க வேண்டும். சீர் முடிகிறவரை சேலையை விடக்கூடாது.

"கூடைய ஆட்டாத அம்மிணி! டி.வி.காரிக்குத் தல சும்மா நிக்காதாக்கு?" என்றாள் பெரியாத்தாள் அத்தை. பெண்கள் சிரித்தார்கள். மதுமதியும் சிரித்தாள்.

மேடைக்கு எதிரே ஒரு டி.வி. அதில் அவளுடைய உள்ளூர் கேபிள் சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கேமராமேன் முனீஸ் கல்யாணத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு இதை நிறுத்திவிட்டு அவள் எடுத்த செய்திப்படத்தைப் போட வேண்டும்.

ஒரே ஒரு கேமராவை வைத்துக் காதுகுத்து படம்பிடித்துத் தொடங்கியவள் அவள். பனியன் கம்பெனி விளம்பரத்துக்குப் படியேறி, கண்ணீர் அஞ்சலி வாசித்து, திருப்பூரில் ஒரு சேனலை நிலைநிறுத்தியிருந்தாள். கேபிள் ஆபரேட்டர் சங்கத்தில் பெண்ணைச் சேர்க்க மாட்டோம் என்றபோது சேனலைத் தம்பி பேரில் எழுதினாள். தம்பிதானே.

ஊத்துக்குளிப் பக்கம் சாமியப்பன் தோட்டத்துக் கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கியிருந்தது. வாளி சேந்தினால் செம்பருத்தி நிறம். ராத்திரியில் சாயப்பட்டறை தண்ணீரைத் திறந்துவிடுவதை மறைந்திருந்து படமெடுத்தாள். பட்டறைக்காரனுக்குப் பயந்து பேச மறுத்த சாமியப்பன், படம் கட்டாயம் டி.வி.யில் வரும் என்று அவள் கொடுத்த வாக்கை நம்பித்தான் கேமரா முன் நின்றார். "ஊரே டி.வி. முன்னால உக்காந்திருப்பமுங்க அம்மிணி" என்றிருந்தார்.

இன்றைக்கே போடலாம் என்று நாள் குறித்தது அருள்குமார்தான். "கல்யாண லைவ ஊரே பாக்கும். கேசட்ட எங்கிட்டக் குடுத்துரு அக்கா, நாம் பாத்துக்கறேன்." தம்பிக்கு இருக்கிற தைரியத்தை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

எட்டு மணி ஆனது. டி.வி.யில் இன்னும் அவள்தான் கூடையோடு நின்றாள். படம் மெல்ல நகர்ந்து முன்வரிசைக்குப் போனது. பெண்ணின் அப்பா. அவருக்குப் பக்கத்தில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு, அந்தச் சாயப்பட்டறைக்காரர்.

"அவரு பொண்ணு வூட்டுக்கு யாரு கண்ணு?" என்றாள், உதடு அசையாமல்.

"பொண்ணோட சித்தப்பாங்க்கா."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

அருள்குமார் மாலையைச் சரிசெய்துகொண்டான். "சம்பந்தமே அவர் மூலமாத்தான் வந்துது."

"கேசட்டு?"

"அவருகிட்டக் குடுத்தாச்சு. சிரிச்ச மாதிரி நில்லுக்கா, லைவ் போயிட்டிருக்குது."

அந்தக் கேசட்டுக்கு நகல் கிடையாது. அவள் கைக்கும் அவன் கக்கத்துக்கும் நடுவே சேலை விறைப்பாக நின்றது. இந்நேரம் சாமியப்பன் வீட்டில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டுச்சேலையில், அந்த மனிதருடைய உறவுக்காரியாக.

"முனீசு, மைக்கக் குடு."

வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து முனீஸ் நீட்டினான். மதுரைப் பக்கமிருந்து டெய்லரிங் வேலைக்கு வந்தவனுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். மைக்கை வாங்கக் கை நீட்டியபோது சேலை நழுவித் தரையில் விழுந்தது. பெண்கள் "ஐயோ" என்றார்கள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கெணத்துல…"

அருள்குமார் முனீஸைப் பார்த்தான். அவ்வளவுதான்.

எதிரே டி.வி.யில் அவள் முகம் மறைந்து ஒரு ரோஜாப்பூ வந்தது. கீழே, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. அவள் முனீஸைத் திரும்பிப் பார்த்தாள். பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். "மன்னிச்சுருங்கக்கா. பொழப்பு இருக்குல்ல" என்றான் மெதுவாக.

மேளக்காரர்களுக்கு யாரோ கையைக் காட்டினார்கள். நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறியது. பெரியாத்தாள் குனிந்து சேலை முனையை எடுத்து, தூசியைத் தட்டி, மதுமதியின் முன்னால் நீட்டினாள்.

"புடி சாமி. நேரம் போகுது."

அத்தை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டி.வி.யில் ரோஜாப்பூ அசையாமல் நின்றது.