பதினோராவது ஷரத்து

வீடு வாங்குவதற்கு முன்பே ஆடிட்டர் படித்துப் படித்துச் சொன்னார். "டிரஸ்ட் பேர்ல வாங்குறது நல்லதுதான், பின்னாடி உங்க மகளுக்குச் சிக்கல் வராது. ஆனா பத்திரத்தை மட்டும் ஒரு நல்ல வக்கீல்கிட்டக் குடுத்து எழுதி வாங்கிடுங்க."

வீடு வாங்கியவர் கேட்கிற ஆளா? அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். "வக்கீலுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?" என்றவர், கூட வேலை பார்த்தவருடைய டிரஸ்ட் பத்திரத்தைக் கடன் வாங்கி, பெயர்களையும் முகவரியையும் மாற்றி, அப்படியே பதிவு செய்துவிட்டார். மெத்தப் படித்த மூளை!

பதினோராவது ஷரத்தில் பெயரே இல்லை. 'டிரஸ்ட்டை ஏற்படுத்துபவரின் மூத்த சகோதரி தம் ஆயுள் முடியும்வரை மாடி அறையில் வசிப்பார். அதுவரை வீட்டை விற்கக் கூடாது.' எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம் என்பதால் அவர் கண் அதில் நிற்காமல் போய்விட்டது. அது நண்பருடைய அக்காவுக்காக எழுதியது. இவரோ வீட்டுக்கு ஒரே பிள்ளை.

ஒரு வருஷம் கழித்துத்தான் கவனித்தார். தப்பை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. மனைவியிடம் வேடிக்கையாக்கிவிட்டார். "மாடியில உன் நாத்தனார் இருக்கா, மெதுவாப் பேசு." அந்த அறையை வாடகைக்கு விடாமல் ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வாரம் ஒருமுறை மாடி அறையைப் பெருக்குவாள். துணியை அவள் மூன்றாகத்தான் மடிப்பாள், கைப்பழக்கம். ஒருநாள் கட்டிலில் போர்வை நான்காக மடித்துக் கிடந்தது.

"எலியா இருக்கும்" என்றார் அவர்.

"எலி எங்கேயாவது போர்வை மடிக்குமா?"

அதற்குப் பிறகு அவர் அந்த வேடிக்கையைப் பேசவே இல்லை. மாடிப்படியில் மட்டும் யாரோ இறங்குவார்கள். கடைசிப் படிக்கு முந்தின படியில் சத்தம் நின்றுவிடும்.

அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. பட்டப்பகலிலும் அந்த வீட்டில் தனியாக இருக்க டீச்சர் பயந்தாள். தையல் மெஷினை வேண்டுமென்றே வேகமாக ஓட்டுவாள். அதை நிறுத்தினால் மேலே நடமாட்டம் கேட்கும். மகள் போனில் அழுதாள். "வித்துட்டு என்கூட வந்துடும்மா." டீச்சருக்கும் வேறு ஆசை இல்லை. பேத்தி பக்கத்தில், சத்தமும் வெளிச்சமும் உள்ள ஒரு வீட்டில் இருந்தால் போதும்.

வாங்க ஆள் கிடைத்தார். கடைசியில் வக்கீலிடம்தான் போக வேண்டியிருந்தது. வக்கீலம்மா பத்திரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கோர்ட்ல திருத்திடலாம். இப்படி ஒருத்தர் பிறக்கவே இல்லைன்னு நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான்கு நாளில் காகிதம் தயாராகிவிட்டது. டீச்சர் பேனாவைத் திறந்தாள். 'மேற்படி சகோதரி என்று எவரும் ஒருபோதும் இருந்ததில்லை' என்ற வரிக்குக் கீழே அவள் கை நின்றது.

அவர் போன அன்று மத்தியானம், மூன்று நாள் தூக்கமில்லாமல் அவர் படுக்கைப் பக்கத்து நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். தூக்கத்தில் அவர் தண்ணீர் கேட்டது காதில் விழுந்தது. எழுந்திருக்க உடம்பு வரவில்லை. பதறி விழித்தபோது அவர் உதடு ஈரமாக இருந்தது. அவள் நிரப்பி வைத்திருந்த தம்ளர், அவர் கைக்கு எட்டாத அலமாரியில் காலியாக இருந்தது. "நீ தூங்கு" என்றார். "அக்கா குடுத்துட்டா." அதுதான் அவர் கடைசிப் பேச்சு.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"என்னம்மா, போடுங்க" என்றார் வக்கீலம்மா.

போட்டால் அந்த மத்தியானம் அறையில் யாருமே இல்லை என்றாகிவிடும். கட்டினவள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்க, அவர் தொண்டை வறண்டு செத்தார் என்றாகிவிடும். அந்த வீட்டின் பயத்தை அவளால் தாங்க முடியும். இதைத் தாங்க முடியாது.

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தெருவோரம் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"நான் வரலைம்மா."

"ஏம்மா? கையெழுத்துப் போடலையா?"

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன் அத்தையைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"